கிழப் பூனைக்குச் சர்க்கரை: எதை முதலில் பார்ப்பது?

பூனை சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால் பல வீடுகளில் எறும்புப் பொடியைத்தான் தேடுவார்கள். பூனையை யாரும் தேடுவதில்லை. மனிதருக்கு நீரிழிவு வந்திருப்பதை நம் பெரியவர்கள் எறும்பை வைத்தே கண்டுகொண்டார்கள். பூனைக்கும் அதே கணக்குதான். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 250 முதல் 290 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைப் பிடித்து வைக்க முடியாது; சிறுநீரில் வழிந்துவிடும். போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் சர்க்கரை வந்த பூனை கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடிக்கிறது, மணல் தட்டை நனைத்துத் தள்ளுகிறது, தின்னத் தின்ன இளைக்கிறது.

இனி ஒரு பூனையைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் கருப்பன். வயது 14. சிறு வயதிலேயே காயடிக்கப்பட்ட கடுவன். 6 கிலோவுக்கு மேல் இருந்த உடம்பு சில மாதங்களில் 5 கிலோவுக்குக் கீழே வந்துவிட்டது. பின்னங்கால் குதிகால் தரையில் பட நடக்கிறான். பரிசோதித்தால் சர்க்கரை மட்டும் இல்லை, சிறுநீரகமும் பாதி ஓய்ந்திருக்கிறது, தைராய்டு அளவு கூடியிருக்கிறது, பல் ஈறு வீங்கியிருக்கிறது, மூட்டும் பிடித்திருக்கிறது. கிழப் பூனைக்கு இப்படி நாலும் சேர்ந்து வருவது அதிசயமில்லை.

சர்க்கரை மட்டும் இருக்கும் பூனைக்கு வழி ஓரளவு நேரானது. கருப்பனுக்கு அப்படியில்லை. சர்க்கரைக்கு ஏற்ற சாப்பாடு சிறுநீரகத்துக்கு இடிக்கும். மூட்டு வலிக்குக் கொடுக்கும் மருந்தும் சிறுநீரகத்தில்தான் போய் இடிக்கும். தைராய்டைச் சரிசெய்தால் அதுவரை ஒளிந்திருந்த சிறுநீரகக் கோளாறு வெளியே வரும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நேராக்க முடியாத வீட்டில் வேண்டியது ஒரு வரிசை. அந்த வரிசை இதுதான்: முதலில் பூனை சாப்பிட வேண்டும். இரண்டாவது, சுகர் அபாயமாகக் கீழே இறங்கக் கூடாது. மூன்றாவது, வலியும் வாந்தியும் நீர் வற்றலும் இருக்கக் கூடாது. சர்க்கரை எண் அழகாக இருப்பது நான்காவது. கீழே வரும் எல்லாவற்றையும் இந்த வரிசையில் வைத்துப் படியுங்கள்.

பூனைக்கு ஏன் சர்க்கரை?

நாய்க்கு வரும் சர்க்கரை பெரும்பாலும் இன்சுலின் சுரப்பே அற்றுப்போவதால் வருவது. பூனைக்கு வருவது நம்மில் நடுத்தர வயதில் வருகிறதே, அந்த இரண்டாம் வகையைப் போன்றது. இன்சுலின் சுரந்தாலும் உடம்பு அதன் பேச்சைக் கேட்பதில்லை. கணையம் கூடுதலாக உழைத்து உழைத்துக் களைத்துப்போகிறது. இன்சுலினோடு சேர்ந்து சுரக்கும் ஒரு புரதம் கணையத்துக்குள்ளேயே படிந்து, அங்கிருக்கும் செல்களைக் கெடுக்கிறது. 1987-இல் சுவீடனைச் சேர்ந்த பெர் வெஸ்டர்மார்க் குழு இந்தப் புரதத்தை அடையாளம் கண்டபோது, மனிதக் கணையக் கட்டியோடு அவர்கள் எடுத்துக்கொண்ட இன்னொரு பொருள் சர்க்கரை நோய் வந்த பூனையின் கணையம். இந்த விஷயத்தில் பூனை நமக்கு அவ்வளவு நெருங்கிய சொந்தம்.

உடல் பருமன், வீட்டுக்குள்ளேயே அடைபட்ட வாழ்க்கை, காயடித்த கடுவனாக இருப்பது, வயது ஏறுவது ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. பர்மிய இனப் பூனைகளுக்கு பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இது அதிகம் வருவது தெரிந்த விஷயம். பலர் கவனிக்காத காரணம் ஒன்று உண்டு: ஸ்டீராய்டு. தோல் அரிப்புக்கோ, வாய்ப் புண்ணுக்கோ, இளைப்புக்கோ போட்ட ஊசி, அதிலும் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும் வகை, சர்க்கரையைக் கிளப்பிவிடும். பழைய மருந்துச் சீட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போவது இதற்காகத்தான்.

முதல் நாள் பரிசோதனை

மருத்துவமனைக்குக் கூடையில் அடைத்துக் கொண்டுபோகும் பூனைக்குப் பயத்திலேயே சுகர் ஏறும். நோயே இல்லாத பூனைக்கும் அங்கே 300-ஐத் தாண்டலாம். ஆகவே ஒரே ஒரு ரத்த அளவைப் பார்த்து முடிவு கட்டுவதில்லை. சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஃபிரக்டோசமைன் என்ற சோதனையும் செய்வார்கள். கடந்த ஒன்றிரண்டு வாரச் சராசரியைக் காட்டுவது அது. நமக்கு மூன்று மாதச் சராசரி எடுக்கிறார்களே, அதைப் போல.

வயதான பூனைக்கு அதோடு நிறுத்தக் கூடாது. சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், தைராய்டு ஹார்மோன், பொட்டாசியம், ரத்த அழுத்தம், சிறுநீர் கல்ச்சர், வாய்க்குள் ஒரு பார்வை, இவை அனைத்தும் முதல் சுற்றிலேயே தேவை. சிறுநீர் கல்ச்சர் ஏன் என்று கேட்கலாம். சர்க்கரை கலந்த சிறுநீரில் கிருமி சுலபமாக வளரும்; ஆனால் பூனை முக்கி முனகி அதைக் காட்டிக்கொள்ளாது. உள்ளே புகைந்துகொண்டிருக்கும் எந்தத் தொற்றும் இன்சுலினை வேலை செய்யவிடாது.

ஊசி: மருந்துக்கு முன் சிரிஞ்சைப் பாருங்கள்

வயதான, பல நோய் உள்ள பூனைக்கு இன்சுலின் ஊசிதான் பெரும்பாலும் வழி. கிளார்ஜின் போன்ற நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை போடச் சொல்வார்கள். தொடக்க அளவு பொதுவாக வேளைக்கு 1 யூனிட், சில பூனைகளுக்கு அதிலும் பாதி. மனிதருக்குப் போடும் அளவைப் பார்த்த கண்ணுக்கு இது துளி. பூனைக்கு அந்தத் துளிதான் மருந்து.

இங்கேதான் ஒரு ஆபத்து இருக்கிறது. இந்தியக் கடைகளில் இரண்டு வகை சிரிஞ்சு கிடைக்கும். சிவப்பு மூடி போட்டது யு-40, ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும் மருந்துக்கு. ஆரஞ்சு மூடி போட்டது யு-100, ஒரு மில்லிக்கு 100 யூனிட் இருக்கும் மருந்துக்கு. கிளார்ஜின் வழக்கமாக 100 யூனிட் வகை. அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 1 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 1 யூனிட் இல்லை, இரண்டரை யூனிட். 5 கிலோ பூனைக்கு அது உயிரோடு விளையாடுவது. மருந்துக் குப்பியில் என்ன எண் இருக்கிறதோ அதே எண் சிரிஞ்சிலும் இருக்க வேண்டும். கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றால் நம்பாதீர்கள். அரை யூனிட் கோடு போட்ட சின்ன சிரிஞ்சு கிடைத்தால் இன்னும் நல்லது.

ஊசி போடுவது பயந்த அளவு கடினமில்லை. விலாப் பக்கத்துத் தோலைக் கூடாரம்போல லேசாகத் தூக்கி அதன் அடியில் குத்தினால் போதும். ஊசி மிக மெல்லியது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பூனை பல நேரம் திரும்பிக்கூடப் பார்க்காது. மருந்து ரோமத்தில் வழிந்ததா, உள்ளே போனதா என்று சந்தேகம் வந்தால் மறுபடி போடக் கூடாது. ஒரு வேளை தவறினால் சுகர் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். இரண்டு வேளை மருந்து ஒன்றாக உள்ளே போனால் பூனை போய்விடலாம்.

முதலில் சாப்பாடு, பிறகு ஊசி. இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். பூனை சாப்பிடவில்லை என்றால் வழக்கமான முழு அளவைப் போடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். சாப்பிடாத வேளையில் என்ன செய்வது, எவ்வளவு குறைப்பது என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனால் வீண். வேகமாகக் குலுக்குவதும் கூடாது. மின்சாரம் போய் நேரம் கடந்தால் நம் வெயிலுக்குச் சமையலறை மேடை சரிப்படாது. ஐஸ் கட்டி நேராகப் படாதபடி துணி சுற்றி, ஒரு தெர்மாஸில் வைக்கலாம்.

மாத்திரை இல்லையா?

இந்தக் கேள்வி எல்லோருக்கும் வரும். அமெரிக்காவில் பூனைகளுக்கென்றே இரண்டு மருந்துகள் அனுமதி பெற்றிருக்கின்றன: 2022 டிசம்பரில் பெக்ஸாகிளிஃப்ளோசின் மாத்திரை, 2023-இல் வெலாகிளிஃப்ளோசின் என்ற வாய்வழித் திரவம். கூடுதல் சர்க்கரையைச் சிறுநீர் வழியாகவே வெளியே தள்ளுவதுதான் இவற்றின் வேலை. ஆனால் இவை மற்றபடி ஆரோக்கியமாக இருக்கும், இதுவரை இன்சுலின் போடாத பூனைகளுக்கானவை. சாப்பிடாத, நீர் வற்றிய, கணைய அழற்சியோ கல்லீரல் கோளாறோ உள்ள பூனைக்குக் கொடுத்தால், ரத்தச் சர்க்கரை சரியாக இருப்பதுபோலவே காட்டிக்கொண்டு உள்ளுக்குள் ரத்தம் அமிலமாகும் அபாயம் இருக்கிறது. கருப்பனைப் போன்ற பூனைக்கு இது பெரும்பாலும் பொருந்தாது. வீட்டில் தாத்தா போட்டுக்கொள்ளும் சர்க்கரை மாத்திரையைப் பூனைக்கு உடைத்துக் கொடுப்பதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

சாப்பாட்டில் வரும் சண்டை

பூனை முழுக்க மாமிச உயிர். எலியின் உடம்பில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கும்? அவ்வளவுதான் அதற்குப் பழக்கம். பால் சோறும் தயிர் சாதமும் நாம் அன்பாகப் பழக்கியவை. அதன் கல்லீரல் ஒரே நேரத்தில் நிறைய சர்க்கரையைக் கையாளும்படி அமைந்தது இல்லை. அதனால் சர்க்கரை உள்ள பூனைக்கு, சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் மொத்த ஆற்றலில் 12 சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்திலிருந்து வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மொறுமொறுவென்று இருக்கும் உலர் தீனி பலவற்றில் இது பல மடங்கு. டின்னிலும் பவுச்சிலும் வரும் ஈர உணவில் பெரும்பாலும் குறைவு, தண்ணீரும் கூடவே உள்ளே போகும்.

ஒரு எச்சரிக்கை. இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும் பூனைக்கு உலர் தீனியைச் சட்டென்று நிறுத்தி ஈர உணவுக்கு மாற்றினால் சுகர் மளமளவென்று இறங்கும். நேற்றுச் சரியாக இருந்த ஊசி அளவு இன்று அதிகமாகிவிடும். டாக்டருக்குச் சொல்லிவிட்டு, அளவு பார்த்துப் பார்த்து, மெதுவாக மாற்றுங்கள்.

சிறுநீரகம் குறுக்கே வருவது இங்கேதான். சிறுநீரகப் பூனைகளுக்கென்று விற்கும் உணவில் பாஸ்பரஸ் குறைவு, புரதமும் அளவோடு. புரதத்தைக் குறைத்த இடத்தை நிரப்புவது பெரும்பாலும் மாவுச்சத்து. சர்க்கரைக்கு அதுதான் ஆகாது. என்ன செய்வது?

சிறுநீரகக் கோளாறு ஆரம்பத்தில் இருந்தால் பல டாக்டர்கள் மாவுச்சத்து குறைந்த ஈர உணவையே தொடரச் சொல்வார்கள். பாஸ்பரஸ் கூடினால் சாப்பாட்டோடு கலந்து அதைப் பிடித்து வெளியேற்றும் மருந்து கொடுப்பார்கள். சிறுநீரகம் மிகவும் முற்றியிருந்தால் சிறுநீரக உணவுக்கு முதலிடம். அதனால் ஏறும் சர்க்கரையை இன்சுலின் அளவை வைத்துச் சமாளிப்பார்கள். இரண்டையும் விட்டுவிட்டு, பூனை எதையாவது சாப்பிட்டால் போதும் என்ற நிலையும் வரும். அப்போது அது விரும்பும் மீனோ கோழியோ தின்னட்டும். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் பூனையின் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்க் குவிந்து கல்லீரலே செயலிழக்கும், குண்டுப் பூனையாக இருந்தால் இன்னும் வேகமாக. சரியான உணவு என்று சொல்லி வேறு எதுவும் தராமல் பட்டினி போடுவது தவறான உணவைவிடக் கெடுதல். வரிசையில் சாப்பாடு முதலில் நிற்பது இதனால்தான்.

வீட்டுச் சமையலைக் கொடுப்பவர்களுக்கு: குழம்பில் போன மீனைக் கழுவிக் கொடுத்தாலும் வெங்காயம், பூண்டின் சாறு அதில் இருக்கும். பூனையின் சிவப்பணுக்களை அவை உடைக்கும். சர்க்கரை முற்றிய பூனைக்கு அந்த அணுக்கள் ஏற்கெனவே பலவீனம். உப்பும் மசாலாவும் போடாமல் தனியாக வேகவைத்துக் கொடுங்கள்.

தைராய்டு என்னும் திரை

பூனைக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய் 1979-இல்தான் மருத்துவ உலகில் விவரிக்கப்பட்டது. இன்று வயதான பூனைகளிடம் அடிக்கடி காணும் நோய்களில் அது ஒன்று. தொல்லை என்னவென்றால் அதன் அறிகுறியும் சர்க்கரையின் அறிகுறியும் அண்ணன் தம்பிபோல இருக்கும். நிறையத் தின்னும், நிறையக் குடிக்கும், இளைக்கும். ஒன்றுக்கு மருந்து கொடுத்துவிட்டு, "இன்னும் இளைக்கிறதே" என்று வியந்துகொண்டிருப்போம்.

தைராய்டு அதிகமாக இருந்தால் உடம்பில் புரதம் சீக்கிரம் சிதையும். அதனால் ஃபிரக்டோசமைன் சோதனை உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். சர்க்கரை கட்டுக்குள் இருப்பதாக நாம் ஏமாந்துபோவோம். இன்னொரு பக்கம், தைராய்டு இதயத்தை விரட்டுவதால் சிறுநீரகத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது, பழுது வெளியே தெரிவதில்லை. மாத்திரையால் தைராய்டு அடங்கியதும் அந்தத் திரை விலகி கிரியேட்டினின் ஏறும். அதே சமயம் இன்சுலின் தேவையும் குறையலாம். ஆகவே தைராய்டு மருந்து தொடங்கினால் அடுத்த வாரங்களில் சர்க்கரை, சிறுநீரகம் இரண்டையும் திரும்பப் பார்த்தே ஆக வேண்டும். மருந்து மாற்றிய மாதம்தான் சுகர் திடீரென்று கீழே இறங்கும் மாதம்.

சிறுநீரகமோ தைராய்டோ கெட்ட பூனைக்கு ரத்த அழுத்தமும் ஏறும். நேற்றுவரை பார்த்த பூனை இன்று சுவரில் முட்டிக்கொண்டால், கண்மணி விரிந்தே இருந்தால், விழித்திரை பிரிந்திருக்கக்கூடும். அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

வலி, பல், கணையம், ஸ்டீராய்டு

மூட்டு வலிக்கு முதல் விதி: பாராசிட்டமால் கூடாது. நமக்குக் காய்ச்சலுக்குப் போடும் அந்த மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லும். அதை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் சரியாக இல்லை. மெலாக்சிகாம் போன்ற வலி மருந்தைச் சிறுநீரகப் பூனைக்கு டாக்டர் மிகக் குறைந்த அளவில், பரிசோதனையோடு கொடுப்பதுண்டு. நாமாகக் கொடுக்கக் கூடாது. கருப்பன் குதிகால் பட நடப்பது மூட்டு வலி மட்டுமாக இருக்க வேண்டியதில்லை. நீடித்த சர்க்கரை பின்னங்கால் நரம்பைத் தொட்டிருக்கும். சர்க்கரை கட்டுக்கு வந்தால் அந்த நடை பல பூனைகளுக்கு மெல்ல மெல்லச் சீராகிறது. அதுவரை மணல் தட்டின் ஒரு பக்க விளிம்பைத் தாழ்வாக வெட்டிக் கொடுங்கள். தண்ணீரையும் சாப்பாட்டையும் மாடிப்படிக்கு மேலே வைக்காதீர்கள்.

கெட்ட பல்லும் வீங்கிய ஈறும் இன்சுலினுக்கு எதிரி. வயதாகிவிட்டது, மயக்க மருந்து தாங்காது என்று பல்லைத் தள்ளிப்போடுவோம். சிறுநீரகமும் இதயமும் அனுமதித்தால் பல்லைப் பிடுங்கிவிடுவதே பல நேரம் லாபம். பூனை சாப்பிட ஆரம்பிக்கும், ஊசி அளவும் குறையும். அன்றைய பட்டினிக்கும் ஊசிக்கும் தனி ஏற்பாடு வேண்டும் என்பதை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கணைய அழற்சி நிழல்போல இருக்கும். ஒருநாள் வாந்தி, ஒருநாள் சாப்பாட்டில் வெறுப்பு, மறுநாள் பழையபடி. இப்படி இருக்கும் பூனையின் இன்சுலின் தேவை ஏறி ஏறி இறங்கும். அதைத் துரத்தித் துரத்தி ஊசி அளவை மாற்றுவதைவிட, வாந்திக்கும் வலிக்கும் மருந்து கொடுத்துச் சாப்பிட வைப்பதே முக்கியம்.

இளைப்பு உள்ள பூனைக்கு ஸ்டீராய்டை முழுதாக நிறுத்த முடியாது. ஆனால் ஊசிக்கும் மாத்திரைக்கும் பதில், குழந்தைகளுக்கு வைப்பதுபோல முகமூடி பொருத்திய இன்ஹேலரில் கொடுத்தால் உடம்பு முழுக்கப் பரவும் அளவு குறையும். பழக்க நாள் பிடிக்கும், பழகிக்கொள்ளும்.

சிறுநீரகத்துக்காகத் தோலுக்கடியில் நீர் ஏற்றுவதை வீட்டிலேயே செய்யும் குடும்பங்கள் உண்டு. குளுக்கோஸ் கலந்த பாட்டில் வேண்டாம். நீர் தேங்கிப் புடைத்த இடத்தில் இன்சுலின் போட வேண்டாம், உறிஞ்சப்படும் வேகம் மாறிவிடும். இதயம் பலவீனமான பூனைக்கு இந்த நீரே நுரையீரலில் போய்ச் சேரலாம். மூச்சு வேகமானால் உடனே நிறுத்துங்கள்.

எவ்வளவு போட்டும் இறங்கவில்லையா?

ஊசி அளவு ஏறிக்கொண்டே போகிறது, சர்க்கரை அசையவில்லை, ஆனால் பூனை இளைப்பதற்குப் பதில் எடை கூடுகிறது, முகம் அகலமாகிறது. அப்படியானால் மூளைக்கடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் சிறு கட்டி வளர்ந்து, வளர்ச்சி ஹார்மோனை வாரி இறைத்துக்கொண்டிருக்கலாம். லண்டனின் ராயல் கால்நடைக் கல்லூரி ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட சர்க்கரைப் பூனைகளைப் பரிசோதித்தபோது, ஏறத்தாழ நாலில் ஒன்றுக்கு இது இருக்கலாம் என்று கண்டார்கள். அறுவை, கதிர்வீச்சு எல்லாம் உண்டு, எல்லா ஊரிலும் கிடைக்காது. தெரிந்துகொள்வதிலேயே ஒரு பயன் இருக்கிறது: "நான்தான் சரியாகப் பார்க்கவில்லையோ" என்ற உறுத்தல் போகும்.

வீட்டில் அளப்பது

மருத்துவமனையில் பயத்தில் ஏறும் எண்ணைவிட, சோபாவில் படுத்திருக்கும்போது எடுக்கும் எண்ணே உண்மை. காது மடலின் விளிம்பை உள்ளங்கையால் சூடாக்கி, சிறு ஊசியால் குத்தினால் ஒரு துளி ரத்தம் வரும், போதும். நம் குளுக்கோமீட்டர் பூனை ரத்தத்தில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டுவது வழக்கம். மனித ரத்தத்தில் சர்க்கரையின் கணிசமான பங்கு சிவப்பணுவுக்குள் இருக்கும். பூனைக்கோ பெரும்பங்கு வெளியே நீரில்தான். விலங்குகளுக்கென்றே அளவு திருத்திய கருவி இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரே கருவியைத் தொடர்ந்து பயன்படுத்துங்கள், எந்தக் கருவி என்பதை டாக்டருக்குச் சொல்லுங்கள். மனிதர் கையில் ஒட்டிக்கொள்ளும் 14 நாள் சென்சாரைப் பூனையின் முதுகில் மழித்து ஒட்டிப் பார்ப்பதும் இப்போது நடக்கிறது.

மாதத்தில் ஒருநாள், அல்லது அளவு மாற்றிய பிறகு, ஊசி போட்டதிலிருந்து இரண்டு மணிக்கு ஒருமுறை 12 மணி நேரம் எடுத்தால் ஒரு வளைவு கிடைக்கும். எவ்வளவு கீழே இறங்குகிறது, எப்போது இறங்குகிறது என்பதுதான் அதில் முக்கியம். இளம் பூனைக்கு டாக்டர் இறுக்கமான இலக்கு வைக்கலாம். இலக்கை எட்டி இன்சுலினே தேவைப்படாத நிலைக்குப் போகும் பூனைகளும் உண்டு; முதல் சில மாதங்களில்தான் அந்த வாய்ப்பு அதிகம். வயதான பூனைகளிலும் அது நிகழ்கிறது. ஆனால் கருப்பனைப் போன்றவனுக்கு, நாளின் பெரும்பகுதி 100-க்கும் 300-க்கும் நடுவே ஓடினாலே தாகம் குறையும், எடை நிற்கும், மனம் தெளியும். சிறுநீரகம் ஓயும்போது இன்சுலின் உடம்பில் நெடுநேரம் தங்கும் என்பதால் இறுக்கிப் பிடிப்பது அவனுக்கு ஆபத்து. எண்ணைப் பார்த்து நாமே அரை யூனிட் ஏற்றுவதும் வேண்டாம்.

இரண்டு அவசரங்கள்

சுகர் இறங்கிவிட்டால்: 60-க்குக் கீழே போனால் பூனை தள்ளாடும், தலை சாயும், வெறித்துப் பார்க்கும், உடம்பு உதறும், வலிப்பு வரும். சாப்பிடும் நிலையில் இருந்தால் உடனே சாப்பாடு கொடுங்கள். இல்லையென்றால் தேனையோ, குளுக்கோஸ் பொடியைக் குழைத்தோ ஈறில் தடவுங்கள். மயங்கிய பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். சற்றுத் தெளிந்தாலும் டாக்டரிடம் போய்த்தான் ஆக வேண்டும். இன்சுலின் இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். அடுத்த ஊசியை அவர் சொன்ன பிறகே போடுங்கள்.

மற்றது மறுகோடி. சாப்பிடவில்லை, வாந்தி, சோர்வு, மூச்சில் நெயில் பாலிஷ் கழுவும் நீரின் வாடை. உடம்பு சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பை எரித்து, ரத்தம் அமிலமாகியிருக்கிறது. இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. நள்ளிரவு ஆனாலும் மருத்துவமனைதான். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் இரவில் திறந்திருக்கும் இடம் எது என்று இன்றே விசாரித்து எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு ஏற்பாடு

12 மணி நேர இடைவெளி என்றால் காலை 7, மாலை 7 என்று வைத்துக்கொள்ளலாம். முன்பின் ஒரு மணி நேரம் தவறினால் குடி முழுகாது. கல்யாணம், காட்சி, ஊர்ப் பயணம் எல்லாவற்றிலும் இந்த 7 மணி குறுக்கே நிற்கும். ஆகவே வீட்டில் ஒருவருக்கு மட்டும் ஊசி போடத் தெரிந்தால் போதாது, குறைந்தது இருவருக்குத் தெரிய வேண்டும். அண்டை வீட்டில் ஒருவர் பழகிக்கொண்டால் வரம். தீபாவளி நாட்களில் வெடிச் சத்தத்துக்குப் பூனை கட்டிலடியில் புகுந்து சாப்பிடாமல் கிடக்கும். மாலை 6 மணிக்கு முன்பே ஒரு அறையில் அடைத்துச் சாப்பிட வைத்துவிடுங்கள்.

பயன்படுத்திய ஊசிகளைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள். தடித்த பிளாஸ்டிக் புட்டியில் சேர்த்து மருத்துவமனையில் கொடுங்கள். குப்பை பிரிப்பவர் கையும் கைதான்.

எதுவரை?

இதைப் பேசாமல் கிழப் பூனையைப் பற்றிய எந்த விளக்கமும் முடியாது. அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் ஏழு கேள்விகளை வைத்தார். வலி இருக்கிறதா, சாப்பிடுகிறதா, நீர்ச்சத்து இருக்கிறதா, சுத்தமாக இருக்கிறதா, எதிலாவது மகிழ்ச்சி இருக்கிறதா, நடமாடுகிறதா, கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா. சர்க்கரை எவ்வளவு என்பது அந்த ஏழில் இல்லை. வாரம் ஒருமுறை இந்த ஏழையும் நேர்மையாகக் கேட்டுப் பார்த்தால், சிகிச்சையைக் கூட்டுவதா, குறைப்பதா, போதும் என்று சொல்வதா என்ற முடிவு ஒரே இரவில் தலையில் விழாது. மெதுவாகத் தானே தெரியவரும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. ஃப்ரிட்ஜ் மேல் ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். தேதிக்குப் பக்கத்தில் கட்டம் போடுங்கள். முதல் கட்டம்: சாப்பிட்டதா, எவ்வளவு. இரண்டாவது: தள்ளாட்டம், நடுக்கம் ஏதும் உண்டா. மூன்றாவது: வாந்தி, தண்ணீர், சிறுநீர், நடை. நான்காவது: ஊசி எத்தனை யூனிட், போட்டது யார். வாரம் ஒருநாள் எடை. சுகர் எண்ணுக்கு ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் போதும். அந்த நோட்டோடு வருபவரிடம் டாக்டர் கேட்க வேண்டிய கேள்வி பாதிதான் இருக்கும். காலையில் முதல் கட்டத்தில் "முழுசும் தின்றான்" என்று எழுத முடிந்த நாளில், மற்ற கட்டங்களை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.